அப்பத்தாவின் தோடும் துரானில் ஓர் இரவும்

போன மாதம் எங்கள் ஆபீஸில் ஒரு பையன் கல்யாணம் முடிந்த கையோடு வியட்நாம் போய்விட்டு வந்தான். தில்லிக்காரப் பையன், கரோல்பாக். லீவு முடிந்து வந்த அன்று ஒரு டப்பா நிறையத் தேங்காய் மிட்டாயை வைத்துக்கொண்டு மேசை மேசையாகப் போய் செல்போனில் படம் காட்டினான். இரண்டு பிரம்மாண்டமான கைகள் ஒரு பாலத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும் படம். "டா நாங் சார், ஹோட்டலில் பாதிப் பேர் நம் ஊர் ஆட்கள்தான்" என்றான்.

"அங்கே துரான் என்று ஓர் ஊர் இருந்ததே, பார்த்தாயா?" என்று கேட்டேன். பாவம், முழித்தான். நானும் உடனே சொல்லாமல் கொஞ்ச நேரம் முழிக்கவிட்டேன். (ஆபீஸர் ஆனதில் கிடைக்கிற சின்னச் சின்ன சந்தோஷங்களில் இதுவும் ஒன்று.) துரானும் டா நாங்கும் ஒரே ஊர்தான். துரான் என்பது பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர். 1945 ஆகஸ்ட் 17ஆம் தேதி இரவு அந்த ஊரில் ஒரு விமானம் இறங்கியது. அங்கே இரவு தங்குவதாக யாரும் திட்டம் போடவில்லை. அதிலிருந்து இறங்கி ஹோட்டலுக்குப் போய்ப் படுத்தவர்களில் ஒருவர் சுபாஷ் சந்திர போஸ்.

இந்த இரவைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நேதாஜியின் மரணம் பற்றி விசாரித்த குழுவும் கமிஷன்களும் ஆயிரக்கணக்கான பக்கம் எழுதியிருக்கின்றன. சண்டையெல்லாம் தைபே பற்றித்தான். விமானம் விழுந்ததா இல்லையா, ஆஸ்பத்திரியில் செத்தது யார், ரெங்கோஜி கோயிலில் இருக்கும் அஸ்தி யாருடையது என்று. துரானுக்குக் கிடைத்தது சில வரிகள்தான். எனக்கோ அந்தச் சில வரிகளில்தான் கண் போய் நிற்கிறது. அதற்குக் காரணம் எங்கள் அப்பத்தாவின் தோடு. அதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் கமுதிப் பக்கம். தாத்தாவும் அப்பத்தாவும் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர்கள். ஜப்பான்காரன் காலத்தில் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். 1943ல் நேதாஜி ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் வந்து சேர்ந்து, அந்த வருடம் அக்டோபர் 21ஆம் தேதி சிங்கப்பூரில் ஆசாத் ஹிந்த் அரசாங்கத்தை அறிவித்தார். அதன் பிறகு மலாயாவிலும் பர்மாவிலும் ஊர் ஊராகக் கூட்டம். அவர் இந்துஸ்தானியில் பேச, ஒருவர் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வாராம். கூட்டத்தில் முக்கால்வாசி தமிழர்கள்தானே. ஆண்கள் படையில் சேர்ந்தார்கள், பெண்களில் சிலர் ஜான்சி ராணி படைக்குப் போனார்கள், மற்றவர்கள் காதில் கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள். அப்பத்தா கொடுத்தது ஒரு ஜோடித் தோடு.

"அந்த மனுசன் கை நீட்டிக் கேட்டாருடா. எப்படிக் குடுக்காம வர்றது?" என்பதுதான் அப்பத்தா சொன்ன முழு வரலாறு. ரசீது கொடுத்தார்களாம். கப்பலில் திரும்பி வரும்போது நனைந்து கூழாகிவிட்டதாம். "நம்ம வீட்டுத் தோடும் அந்தப் பெட்டியில போயிருச்சு" என்பது எங்கள் வீட்டில் ஒரு சொலவடை மாதிரி. எந்தப் பெட்டி என்று எனக்கு வெகுகாலம் தெரியாது.

இனி பெட்டிக்கு வருவோம்.

1945 ஆகஸ்ட் இரண்டாவது வாரம். ஹிரோஷிமா, நாகசாகி முடிந்துவிட்டது. ஆகஸ்ட் 8ஆம் தேதி ரஷ்யா ஜப்பான் மேல் போர் அறிவித்து, மறுநாளே மஞ்சூரியாவுக்குள் நுழைந்துவிட்டது. நேதாஜி அப்போது மலாயாவில் செரம்பானில் இருந்தார். ஜப்பான் சரணடையப் போகிறது என்ற செய்தி அங்கேதான் வந்தது. 12ஆம் தேதி சிங்கப்பூர் திரும்பினார். படை வீரர்களுக்குச் சம்பளம், ஜான்சி ராணிப் பெண்களை வீட்டுக்கு அனுப்புவது என்று மூன்று நாள் ராத்திரி பகலாக வேலை. 15ஆம் தேதி வீரர்களுக்குக் கொடுத்த கடைசி ஆணையில், தில்லிக்குப் போகும் வழிகள் பல, தில்லிதான் இன்னமும் நம் இலக்கு என்ற பொருளில் எழுதினார். 16ஆம் தேதி பாங்காக். 17ஆம் தேதி காலை சைகோன்.

எங்கே போகிறார்? ரஷ்யாவுக்கு. பிரிட்டிஷாருக்கும் ரஷ்யாவுக்கும் கூட்டாளி உறவு ரொம்ப நாள் நிற்காது என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது, நாள்தான் போதவில்லை. மஞ்சூரியாவில் டைரன் வரை போய்விட்டால் அங்கிருந்து ரஷ்யர்களிடம் பேசிக்கொள்ளலாம் என்பது யோசனை. ஆனால் தோற்றுப்போன ஜப்பானிடம் அவருக்கென்று தனி விமானம் கொடுக்கும் நிலைமை இல்லை.

சைகோனில் அவரோடு இறங்கியவர்கள் ஆறு பேர். ஹபீபுர் ரஹ்மான், எஸ்.ஏ. அய்யர், ஆபித் ஹசன், தேப்நாத் தாஸ், குல்சாரா சிங், ப்ரீதம் சிங். இதில் அய்யர் நம் தமிழர். ராய்ட்டர் நிருபராக பாங்காக்கில் இருந்து, பிறகு ஆசாத் ஹிந்த் அரசாங்கத்தின் விளம்பர மந்திரி ஆனவர். அந்த நாளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இவர் மூலமாகவும் ஹபீபுர் ரஹ்மான் மூலமாகவும் வந்ததுதான். சைகோன் விமான நிலையத்தில் எடுத்த ஒரு படம் உண்டு. நேதாஜியின் கடைசிப் படம் என்று பல புத்தகங்களில் போடுவார்கள்.

கூட வந்த ஜப்பானிய அதிகாரிகள் டலாத்தில் இருந்த தளபதி டெராவுச்சியின் தலைமையகத்துக்குப் பறந்து போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள். பதில்: ஒரு விமானம் இன்றே கிளம்புகிறது, அதில் ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது. ஜெனரல் ஷிடெய் என்பவர் மஞ்சூரியாப் படைக்கு மாற்றலாகிப் போகிறார், அவரோடு போகலாம்.

ஒரு இடம்! ஒரு அரசாங்கத்தின் தலைவருக்கு ஒரு சீட்டு. நம் ஊரில் கடைசி பஸ்ஸில் கண்டக்டர் சொல்கிற மாதிரி. நேதாஜி கதவைச் சாத்திக்கொண்டு தன் ஆட்களோடு பேசினார். தனியாகப் போக வேண்டாம், இன்னொரு இடமாவது கேளுங்கள் என்றார்கள். பேரம் நடந்தது. கடைசியில் இரண்டாவது இடம் கிடைத்தது. ஹபீபுர் ரஹ்மானைத் தேர்ந்தெடுத்தார். மற்றவர்கள் பின்னால் வரலாம் என்று ஏற்பாடு. வரவே இல்லை என்பது வேறு விஷயம்.

இதற்குள் பொழுது சாய ஆரம்பித்துவிட்டது. விமானத்தில் மற்ற ஆட்கள் ஏறி உட்கார்ந்தாயிற்று. இவர்களும் நிலையத்துக்கு வந்தாயிற்று. ஆனாலும் கிளம்ப முடியவில்லை. ஏனென்றால் ஒரு கார் இன்னும் வரவில்லை. அந்தக் காரில்தான் பெட்டி.

ஒன்றரை அடி நீளத்தில் இரண்டு தோல் பெட்டிகள். உள்ளே நகைகளும் பவுன் காசுகளும். பர்மாவிலும் மலாயாவிலும் சயாமிலும் ஜனங்கள் கொடுத்ததில் செலவானது போக எஞ்சியது. சின்னப் பெட்டிதான், ஆனால் தங்கம் என்பதால் பிணக்கனம். ஏற்கெனவே பாரம் கூடுதல், இதை ஏற்ற முடியாது என்று விமானி சொன்னார். நேதாஜி என்ன செய்தார் என்பதற்குச் சாட்சியம் இருக்கிறது. தன்னுடைய புத்தகங்களும் துணிமணிகளும் இருந்த சாமானை இறக்கி வைத்துவிட்டு, இந்த இரண்டு பெட்டியையும் ஏற்றச் சொன்னார்.

இந்த இடத்தில் ஒரு வங்கிக்காரனாகக் கொஞ்சம் பேச அனுமதியுங்கள். வேலையில் சேர்ந்த புதிதில் சிவகங்கைப் பக்கம் ஒரு கிளையில் எனக்கு நகைக்கடன் செக்‌ஷன். ஆசாரி உரைகல்லில் உரசிப் பார்ப்பார், கல்லுக்கும் அரக்குக்கும் கழித்துக்கொண்டு நிகர எடை சொல்வார், நான் எழுதுவேன். பையில் போட்டு முத்திரை வைத்து இரண்டு பேர் கையெழுத்து. அந்தப் பை என் பொறுப்பில் இருக்கிறவரை ராத்திரி தூக்கம் சரியாக வராது. அடுத்தவர் பொருள் அல்லவா. நேதாஜியின் கையில் இருந்தது ஆயிரக்கணக்கான பேருடைய பொருள். 1944 ஏப்ரலில் ரங்கூனில் ஆசாத் ஹிந்த் வங்கி என்று முறையாக ஒரு வங்கியே தொடங்கியிருந்தார்கள், கணக்கு வழக்கில் அவர் கறார். ஆனால் ரங்கூனைக் கைவிட்டு 1945 ஏப்ரலில் கிளம்பிய பிறகு பேரேடு எங்கே, முத்திரை எங்கே? அந்தப் பெட்டிகளில் எத்தனை எடை ஏறியது என்பதற்குப் பின்னாளில் சாட்சிகள் ஆளுக்கொரு எண் சொன்னார்கள். புத்தகத்தை விட்டுவிட்டுப் பெட்டியை ஏற்றியதை சிலர் பேராசை என்கிற மாதிரிக்கூட எழுதியிருக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரும். அடகுப் பையைக் கவுண்டரில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற ஆபீஸர் உண்டா?

விமானம் கிளம்பியபோது மாலை ஐந்து மணி தாண்டிவிட்டது. மிட்சுபிஷி குண்டுவீச்சு விமானம், இரட்டை எஞ்சின். நேச நாட்டுக்காரர்கள் அந்த ரகத்துக்கு 'சாலி' என்று பெயர் வைத்திருந்தார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று பேர். இருக்கை என்று ஒன்றும் பெரிதாகக் கிடையாது, ஆளுக்கொரு மூலையில் குந்தியிருக்க வேண்டியதுதான். நேதாஜிக்குக் கிடைத்தது இறக்கைப் பக்கம், பெட்ரோல் தொட்டியை ஒட்டிய இடம். பாரத்தினால் ஓடுபாதையின் கடைசி வரை ஓடித்தான் விமானம் எழும்பியது என்று அதில் இருந்த ஜப்பானிய அதிகாரிகள் பின்னால் சொன்னார்கள்.

முதல் திட்டப்படி அன்றே ஃபார்மோசா, அதாவது தைவான். சைகோனிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஐந்து மணிக்குக் கிளம்பினால் நள்ளிரவில் கடல் மேல் பறந்து போய் இறங்க வேண்டும். விமானி வேண்டாம் என்று முடிவு செய்தார். சுமார் 600 கிலோமீட்டரில் துரான் இருந்தது. இரவு எட்டு மணிக்கு முன்னால் அங்கே இறங்கிவிட்டார்கள்.

துரான் அப்போது யாரும் தேடிப் போகிற ஊர் இல்லை. நூற்றாண்டுகளுக்கு முன்னால் இந்தக் கடற்கரையில் வியாபாரம் எல்லாம் தெற்கே 30 கிலோமீட்டரில் இருக்கும் ஹோய் ஆனில்தான் நடந்தது. ஜப்பான்காரன், சீனாக்காரன், டச்சுக்காரன் எல்லாரும் அங்கே கடை போட்டிருந்தான். ஆற்று முகத்துவாரம் மணல் தட்டிப்போனதும் கப்பல்கள் துரான் பக்கம் ஒதுங்க ஆரம்பித்தன. 1858ல் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் வியட்நாமை முதலில் தாக்கியது இங்கேதான். 1888ல் ஊரையே தங்களுக்கென்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஹான் ஆற்றங்கரையில் ஒரு சாலை, கொஞ்சம் ஆபீஸ்கள், துறைமுகம், சம்பா நாட்டுச் சிற்பங்களை வைத்து 1919ல் திறந்த ஒரு மியூசியம், ஹோட்டல். அவ்வளவுதான். நம் பாண்டிச்சேரியை இன்னும் சின்னதாக நினைத்துக்கொள்ளுங்கள். (அந்த மியூசியத்தில் சிவனும் கணேசனும் நடனமாடும் பெண்களும் நிறைய உண்டு. எட்டும் தூரத்தில் இருந்தும் நேதாஜிக்கு அதைப் பார்க்க நேரம் இருந்திருக்காது.) 1945 மார்ச் 9ஆம் தேதி ஜப்பான்காரர்கள் ஒரே இரவில் பிரெஞ்சுக்காரர்களைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டார்கள். ஆகஸ்டில் ஜப்பானும் தோற்றுப்போன பிறகு அந்த ஊரில் யார் அதிகாரி என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரிந்திருக்காது.

பயணிகளை ஊரிலேயே பெரிய ஹோட்டலுக்கு அழைத்துப் போனார்கள். மோரின் ஹோட்டலாக இருக்கலாம் என்று 1956ல் விசாரித்த குழு குறித்து வைத்திருக்கிறது. விமானத்தைக் கவனித்துக்கொண்டவர்கள் வேறொரு வேலை பார்த்தார்கள். சைகோனில் எழும்பிய விதம் அவர்களைப் பயமுறுத்தியிருந்தது. இயந்திரத் துப்பாக்கிகள், அதற்கான தோட்டாக்கள், இன்னும் சில சாமான்கள் என்று சுமார் 600 கிலோவை இறக்கினார்கள். போர் முடிந்துவிட்டதே, இனி எதற்குத் துப்பாக்கி? தங்கப் பெட்டி இறங்கவில்லை.

நான் அடிக்கடி இந்த எடைக் கணக்கை மனதில் போட்டுப் பார்ப்பேன். சைகோனில் புத்தகமும் துணியும் கழிந்தது. துரானில் துப்பாக்கியும் தோட்டாவும் கழிந்தது. கழியாமல் கடைசிவரை போனது ஊர்ப் பெண்களின் நகை. அந்த நகைக்காகக் காத்திருந்ததுதான் தாமதத்தில் ஒரு பங்கு. சீட்டுப் பேரம் ஒரு பங்கு, டலாத் போய் வந்தது ஒரு பங்கு. எல்லாம் சேர்ந்துதான் துரானில் ஒரு ராத்திரி. காலையிலேயே சைகோனில் இருந்து கிளம்பியிருந்தால் 17ஆம் தேதியே தைபே தாண்டியிருப்பாரே என்று தோன்றும். ஆனால் துரானில் நின்றதால்தானே 600 கிலோ இறங்கியது என்றும் தோன்றும். இந்த இரண்டில் எதைப் பற்று வைப்பது, எதை வரவு வைப்பது என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை.

அதே இரவு இன்னொரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. நேதாஜி பற்றிய புத்தகங்களில் இதை நான் பார்த்ததில்லை, வியட்நாம் வரலாற்றைப் படித்தபோது தேதியைப் பார்த்துத் தூக்கிவாரிப் போட்டது. ஹோய் ஆன்தான் அப்போது குவாங் நாம் மாகாணத்தின் தலைநகரம். 17ஆம் தேதி இரவு தொடங்கி 18ஆம் தேதி காலைக்குள் வியட் மின்காரர்கள் அந்த ஊரைக் கையில் எடுத்துவிட்டார்கள். ஆகஸ்ட் புரட்சியில் முதன்முதலாக விடுபட்ட நான்கு மாகாணத் தலைநகரங்களில் அதுவும் ஒன்று. துரானிலிருந்து நம் மதுரைக்கும் மேலூருக்கும் உள்ள தூரம்தான். ஒரு வாரம் கழித்து, 26ஆம் தேதி, துரானும் அவர்கள் கைக்கு வந்தது. 30ஆம் தேதி ஹுவே நகரில் ராஜா பாவ் தாய் முடி துறந்தார். செப்டம்பர் 2ஆம் தேதி ஹனோயில் ஹோ சி மின் சுதந்திரத்தை அறிவித்தார்.

இருபது வருடத்துக்கு மேலாக ஒரு நாட்டின் விடுதலையைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் இருந்த மனிதர், பக்கத்து ஊர் விடுதலையாகிக்கொண்டிருந்த ராத்திரியில் அங்கே தூங்கியிருக்கிறார். விடிவதற்குள் எழுந்து விமானம் ஏறிவிட்டார். அந்தப் பக்கம் போராடியவர்களோ ஜப்பானை எதிர்த்து நின்றவர்கள், இவர் ஜப்பானோடு நின்றவர். சந்தித்திருந்தாலும் கட்டிப்பிடித்திருக்க மாட்டார்கள். இருந்தாலும்...

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லாருக்கும் தெரிந்ததுதான். 18ஆம் தேதி அதிகாலை துரானில் கிளம்பினார்கள். சுமார் 1,700 கிலோமீட்டர். தைவானின் தெற்கே ஹெய்டோவில் இறங்குவதாக இருந்ததை, ரஷ்யர்கள் வேகமாக முன்னேறுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, விட்டுவிட்டு நேராகத் தைபே போனார்கள். அங்கே பெட்ரோல் நிரப்பிச் சாப்பிட்டுவிட்டு மதியத்துக்கு மேல் எழும்பிய கொஞ்ச நேரத்தில் இடது பக்கத்து எஞ்சினில் கோளாறு, விமானம் விழுந்து தீப்பிடித்தது. ஷிடெய் அங்கேயே இறந்தார். பெட்ரோலில் நனைந்திருந்த நேதாஜி தீயோடு வெளியே வந்தார். அன்று இரவு ராணுவ ஆஸ்பத்திரியில் இறந்தார் என்று ஹபீபுர் ரஹ்மானும் மருத்துவரும் மற்ற ஜப்பானியர்களும் சாட்சி சொன்னார்கள்.

எங்கள் அப்பா இந்தப் பாராவை ஒத்துக்கொள்ள மாட்டார்.

எங்கள் பக்கத்தில் இது வெறும் கருத்து வேறுபாடு இல்லை. ஒரு தெருவில் நாலு போஸ், இரண்டு சந்திரபோஸ், ஒரு நேதாஜி இருப்பார்கள். முத்துராமலிங்கத் தேவர், நேதாஜி உயிரோடு இருக்கிறார், தனக்குத் தொடர்பு உண்டு என்று சொன்னவர். 1956ல் குழு முன்னால் வந்தும், அரசாங்கம் முதலில் நேதாஜி பெயர் போர்க் குற்றவாளிப் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்று சொல்லட்டும் என்று கேட்டு, ஆதாரத்தைச் சொல்ல மறுத்துவிட்டார். அப்பாவுக்கு அது போதும். "தேவர் பொய் சொல்வாரா?" என்பார். அதற்கு மேல் வாயைத் திறக்க முடியாது.

அந்தக் குழுவே ஒரு விசித்திரம். 1945 நவம்பரில் செங்கோட்டையில் குற்றவாளிக் கூண்டில் நின்ற மூவரில் ஒருவரான ஷா நவாஸ் கான்தான் பத்து வருடம் கழித்து அதே தில்லியில் குழுத் தலைவர். குழுவில் ஒருவர் நேதாஜியின் அண்ணன் சுரேஷ் சந்திர போஸ், அவர் மற்ற இருவரோடு உடன்படவில்லை. 1970ல் கோஸ்லா கமிஷன், 1974ல் அறிக்கை, விபத்து உண்மை. 1999ல் முகர்ஜி கமிஷன், 2005ல் அறிக்கை, விபத்தே நடக்கவில்லை. 2006ல் அரசாங்கம் அதை ஏற்க மறுத்தது. அப்பா முகர்ஜி கமிஷன் செய்தி வந்த பேப்பரை மடித்து பீரோவில் வைத்திருந்தார், என் டிகிரி சர்டிபிகேட்டுக்கு மேலே.

நான் தில்லிக்கு மாற்றலாகி வந்தது 2015ல். 2016 ஜனவரி 23ஆம் தேதி, நேதாஜி பிறந்த நாளன்று, தேசிய ஆவணக் காப்பகத்தில் நூறு ஃபைல்களைத் திறந்துவிட்டார்கள். மத்தியானமே அப்பாவின் போன். "ஏப்பா, ஃபைலெல்லாம் தொறந்துட்டாகளாமே. நீ அங்கனதான இருக்க. போய்ப் பாத்துட்டுச் சொல்லு." ஏதோ பக்கத்துக் கிளையில் போய் பேலன்ஸ் பார்த்துச் சொல்லச் சொன்ன மாதிரி.

பார்த்தேன். ஃபைல்கள் இணையத்திலேயே கிடைத்தன. மாதக்கணக்கில் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து படித்தேன். மனைவிக்கு ஆடிட் வேலை என்று சொல்லி வைத்திருந்தேன், அது பொய்யும் இல்லை. ஆடிட்டில் ஒரு வழக்கம் உண்டு. பத்து வவுச்சர் தேதியில் முன்பின் இருக்கும், தொகையில் சில்லறை வித்தியாசம் இருக்கும், ஆனால் பத்தும் வெவ்வேறு கையால் எழுதியது, பத்தும் ஒரே பக்கம் கை காட்டுகிறது என்றால் பரிவர்த்தனை நடந்தது என்று எடுத்துக்கொள்வோம். எல்லா வவுச்சரும் அட்சரம் பிசகாமல் ஒரே மாதிரி இருந்தால்தான் சந்தேகம் வரும். தைபே சாட்சிகள் நேரத்தில், தகன நாளில், இன்னும் பலதில் முரண்படுகிறார்கள். ஆனால் பிழைத்தவர்கள் பல பேர், வெவ்வேறு நாட்டில் வெவ்வேறு வருடம் சொன்னது ஒரே பக்கம்தான் கை காட்டுகிறது. தைபேயில் விபத்துக்குப் பதிவில்லை என்பதை முகர்ஜி கமிஷன் பெரிதாக எடுத்துக்கொண்டது. சரணடைந்து மூன்று நாள் ஆன ஒரு ராணுவம் ரகசியப் பயணத்துக்கு ஒழுங்காகப் பதிவு வைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நேதாஜி அன்று இறந்துவிட்டார் என்றே நினைக்கிறேன்.

இதை அப்பாவிடம் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. போன் செய்யும்போதெல்லாம் "இன்னும் ஃபைல் பாக்கி இருக்குப்பா" என்றே தள்ளிப் போட்டேன். 2017ல் ஒரு தகவல் உரிமை மனுவுக்கு உள்துறை அமைச்சகம் விபத்தில் இறந்தார் என்று பதில் கொடுத்து, அது பேப்பரில் வந்தது. அதற்குப் பின் ஊருக்குப் போனபோது அவரே கேட்டார். வேறு வழியில்லாமல் சொன்னேன். தைபே பற்றிச் சொல்லவில்லை. துரான் பற்றிச் சொன்னேன். பெட்டி வரும் வரைக்கும் காத்திருந்தது, புத்தகத்தை இறக்கியது, துப்பாக்கியை இறக்கியது, நகையை மட்டும் கடைசிவரை கொண்டுபோனது. அப்பா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்த நகை என்னாச்சு?" என்று கேட்டார்.

அதற்கும் ஃபைல் இருந்தது. விழுந்த இடத்தில் கருகிக் கிடந்ததைப் பொறுக்கி பெட்ரோல் டின்னில் அடைத்து டோக்கியோவுக்கு அனுப்பினார்கள். அங்கே இந்திய சுதந்திரச் சங்கத்தின் ராமமூர்த்தியிடம் போய்ச் சேர்ந்தது. வழியில் எவ்வளவு குறைந்தது என்ற புகார்களுக்கே தனிக் கட்டு ஃபைல். 1951ல் அய்யர் மறுபடி டோக்கியோ போய் வந்தார். செங்கோட்டை வழக்கில் எதிர்த்தரப்புச் சாட்சியாக நின்ற அதே அய்யர். 1952ல் அந்த மிச்சம் இந்தியா வந்தது. கருகி ஒன்றோடொன்று உருகி ஒட்டிப்போன நகை, எல்லாம் சேர்ந்து சுமார் 11 கிலோ. முத்திரை வைத்து தேசிய அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தார்கள்.

"எங்க? தில்லியிலயா?" என்றார் அப்பா.

"ஆமாப்பா. ஜன்பத். எங்க வீட்டுல இருந்து மெட்ரோவுல அரை மணி நேரம்."

அப்பா சிரித்த மாதிரி இருந்தது. மலாயாவில் வாங்கியது ரங்கூன், பாங்காக் தாண்டி அந்தப் பெட்டிக்குள் போயிருக்க வாய்ப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். நகைகளை அப்போதே விற்று அரிசியும் துணியும் வாங்கியிருப்பார்கள். ஆபீஸர் புத்தி, அதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை.

அப்பா 2019ல் காலமானார். இப்போதும் ஜன்பத் பக்கம் வேலையாகப் போனால் அந்த வட்டமான கட்டடத்தைத் தாண்டித்தான் போகிறேன். கொஞ்ச தூரத்தில் இந்தியா கேட் மண்டபத்தில், ஐந்தாம் ஜார்ஜ் நின்ற இடத்தில், 2022 செப்டம்பரிலிருந்து நேதாஜியின் கருங்கல் சிலை நிற்கிறது. 28 அடி.

அப்பத்தாவைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. தோட்டைக் கழற்றிக் கொடுத்த பிறகு காதுத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டிருந்தாராம். ஊருக்கு வந்த பிறகும் பல வருடம் குச்சிதான். அப்பா முதல் சம்பளத்தில் ஒரு ஜோடித் தோடு வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தபோது, குச்சியை எடுத்துத் தூரப் போடாமல் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாராம். "கெடக்கட்டும். திரும்பவும் யாராச்சும் கேட்டு வந்தா?"